போல் எடுத்துவிட்டால் போதுமா?

9 டிசம்பர் 2025

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் சனிக்கிழமைத் தகுதிச்சுற்றில் முதலாவதாக வருவதற்குப் பெயர்தான் போல்; ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் இடத்திலிருந்து புறப்படலாம். அதைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது: "அபுதாபியில் வெர்ஸ்டாப்பன் போல் எடுத்தார், ஜெயித்தார். மொனாக்கோவில் நோரிஸ் போல் எடுத்தார், ஜெயித்தார். மான்சாவிலும் அதே கதைதான். சனிக்கிழமையே முடிந்துபோன பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்? டயரைச் சேமித்தோம், ஸ்ட்ராட்டஜி போட்டோம் என்பதெல்லாம் பின்னால் நிற்பவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானே?"

9 டிசம்பர், இரவு

2025இன் கடைசிப் பந்தயமான அபுதாபியையே எடுத்துக்கொள்வோம். வெர்ஸ்டாப்பன் போலும் எடுத்தார், பந்தயத்தையும் ஜெயித்தார். ஆனால் அந்த ஆண்டின் உலகப் பட்டம் நோரிஸுக்குப் போனது, மொத்தப் புள்ளியில் 423க்கு 421. மூன்றாவதாக வந்தால் போதும் என்ற நிலையில் நோரிஸ் மூன்றாவதாக வந்தார். அன்று நான் முதல் காரைப் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்க மூன்றாவது கார் மேலும், அதற்குப் பின்னால் இருந்த இடைவெளி மேலும்தான் இருந்தது.

அப்புறம், ஹங்கேரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? இதே 2025இல் அங்கே லெக்லெர்க் போல். நான்காவதாக முடித்தார். மூன்றாம் இடத்தில் புறப்பட்ட நோரிஸ் முதல் சுற்றிலேயே ஐந்தாவதாகத் தள்ளப்பட்டு, டயர் மாற்ற ஒரே ஒரு பிட் ஸ்டாப்போடு பந்தயத்தை இழுத்து ஜெயித்தார்.

லெக்லெர்க்கின் மொத்தக் கணக்கு இதைவிடப் பேசும். 2025 முடிவுவரை 27 போல், 8 வெற்றி. அந்த எட்டிலும் 2024 மான்சா, ஆஸ்டின் இரண்டும் நான்காம் இடத்திலிருந்து வந்தவை. பாகூவில் 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு போல். ஒரு வெற்றிகூட இல்லை. ஒரு லேப் (சுற்று) வேகத்தில் இந்தத் தலைமுறையில் அவருக்கு நிகராக ஓரிருவர்தான் இருப்பார்கள். அந்த ஆளுக்கே இந்தக் கணக்கு என்றால், போல் எதைக் கையில் தருகிறது, எதைத் தரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கட்சி இதுதான்: கிரிட்டில், அதாவது புறப்படும் வரிசையில், யார் எங்கே நிற்கிறார் என்பது பாதித் தகவல். அந்த இடத்துக்கு வர என்ன செலவழித்தார் என்பது மீதிப் பாதி. எத்தனை செட் டயர், எவ்வளவு விங் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை), யாருடைய டோ (முன்கார் காற்றைக் கிழித்துத் தரும் உதவி), எந்த நிமிடத்தில் வெளியே வந்தார், இத்தனையும் சேர்ந்துதான் ஞாயிற்றுக்கிழமை நிலவரம்.

10 டிசம்பர்

செலவு என்றால் என்ன என்று கேட்டதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2020 சில்வர்ஸ்டோன், இரண்டாவது பந்தயம். எழுபதாம் ஆண்டுவிழா என்று பெயர் வைத்து ஒரே டிராக்கில் அடுத்தடுத்த வாரம் ஓட்டினார்களே, அது.

தகுதிச்சுற்று க்யூ1, க்யூ2, க்யூ3 என்று மூன்று கட்டம். முதல் இரண்டிலும் மெதுவானவர்கள் வெளியேற, மீதிப் பத்துப் பேர் க்யூ3இல் போலுக்கு மோதுவார்கள். அப்போது ஒரு விதி இருந்தது. க்யூ3க்குப் போகிற பத்துப் பேரும், க்யூ2வில் தங்கள் சிறந்த நேரத்தை எந்த டயரில் எடுத்தார்களோ அதிலேயே பந்தயத்தைத் தொடங்க வேண்டும். 2014இல் வந்தது, 2021 வரை இருந்தது. அதனால் க்யூ2 என்பது வெறும் வடிகட்டலாக இல்லாமல், ஒவ்வொரு அணியும் ஞாயிற்றுக்கிழமைக்கான சீட்டைக் கீழே வைக்கும் இடமாக இருந்தது. அந்த வாரம் டயர் தரும் நிறுவனமான பிரெல்லி, முந்தைய வாரத்தைவிட ஒரு படி மென்மையான டயர்களைக் கொண்டுவந்திருந்தது. வெயிலும் சேர்ந்துகொண்டது. வெர்ஸ்டாப்பன் க்யூ2வை, மெதுவான ஆனால் நெடுநேரம் தாங்கும் ஹார்ட் டயரில் ஓட்டித் தேறினார், முதல் பத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. கிரிட்டில் நான்காவது. போல் போட்டாஸ், இரண்டாவது ஹாமில்டன், இருவரும் மெர்சிடீஸ்.

மறுநாள் மெர்சிடீஸ் கார்களின் மீடியம் டயரில் கொப்புளம் கொப்புளமாக வெடிப்பு. வெர்ஸ்டாப்பனோ அவர்கள் டயர் மாற்றிய பிறகும் அதே ஹார்டில் ஓட்டிக்கொண்டே இருந்தார், வேகமும் குறையவில்லை. அந்தப் பந்தயத்தை அவர் சனிக்கிழமைதான் ஜெயித்தார் என்று நீங்கள் சொன்னால் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன். ஆனால் அது போல் எடுத்த சனிக்கிழமை இல்லை.

10 டிசம்பர், சற்று நேரம் கழித்து

இதற்கு நேரெதிர்க் கதை 2021 அபுதாபி. வெர்ஸ்டாப்பன் க்யூ2வில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ள, மீடியம் டயரை ஒரே இடத்தில் தேய்த்துவிட்டார். தட்டையாகிப்போன டயரில் பட்டப் பந்தயத்தைத் தொடங்க முடியாது. வேகமான, ஆனால் சீக்கிரம் தேயும் சாஃப்டில் இன்னொரு லேப் ஓட்டி, அதிலேயே புறப்பட வேண்டியதாயிற்று. க்யூ3இல் அணிக்காரர் பெரேஸ் முன்னால் போய் டோ கொடுக்க, போல் 1:22.109. ஞாயிறு புறப்பாட்டில் சாஃப்ட் டயர்காரர்தான் பாய வேண்டும். பாய்ந்தது மீடியத்தில் நின்ற ஹாமில்டன். முதல் கார்னருக்குள்ளேயே முன்னே போய்விட்டார். கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்திப் பட்டம் எடுத்ததைப் பேசிப் பேசியே அந்தப் பந்தயத்தின் சனிக்கிழமையை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

2022இல் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். பெரிய அணிகளுக்கு மட்டும் சாதகம் என்ற வாதம் நியாயமானது: வேகமான கார் மீடியத்திலேயே தேறிவிடும், நடுவரிசைக் கார் சாஃப்டைப் போட்டுத்தான் தேற வேண்டும், பதினோராவதாக நிற்பவருக்கு டயர்த் தேர்வு முழுச் சுதந்திரம். எல்லாம் உண்மை. ஆனாலும் க்யூ2வில் யார் எந்த டயரில் வெளியே வருகிறார் என்று மூச்சைப் பிடித்துப் பார்த்த பத்து விநாடி இப்போது கிடையாது.

14 டிசம்பர்

டோ பற்றிக் கொஞ்சம் பேசலாம். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொடுக்கும், பின்னால் வருகிறவருக்கு நேர்பாதையில் வேகம் கூடும். மான்சாவில் அது ஒரு விநாடியில் பத்தில் சில பங்கு வரை கொடுக்கும், அங்கே அது பெரிய தொகை. ஆனால் யாராவது ஒருவர் முன்னால் போக வேண்டுமே. 2019இல் யாரும் போகவில்லை.

அந்தக் க்யூ3இன் கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். கார்கள் பிட் லேனிலிருந்து (அணிகளின் கொட்டகைகள் இருக்கும் பக்கப் பாதை) கூட்டமாக வெளியே வருகின்றன. ஹூல்கென்பெர்க் முதல் சிக்கேனில் (இடமும் வலமுமாக ஒடியும் வளைவு) நேராகத் தப்பிப்புப் பாதைக்குள் போய் மற்றவர்களை முன்னே விடப் பார்க்கிறார். அதற்கப்புறம் சைன்ஸும் ஸ்ட்ரோலும் அருகருகே உருட்டுகிறார்கள், பின்னால் வெட்டல், லெக்லெர்க், ஹாமில்டன் எல்லாரும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உலகத்திலேயே வேகமான கார்கள், உலகத்திலேயே வேகமான டிராக்குகளில் ஒன்று, ஒருவர்கூட ஆக்சிலரேட்டரை மிதிக்க மாட்டேன் என்கிறார். கடைசி வளைவான பாரபோலிக்காவை அடையும்போது நேரம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலோர் கோட்டைக் கடப்பதற்குள் கட்டம் போட்ட கொடி விழுந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் எடுத்த நேரத்தோடு லெக்லெர்க் போல். இரண்டாவது ஓட்டத்தில் அவருடைய டோவை எதிர்பார்த்திருந்த அணிக்காரர் வெட்டல் நான்காவதில் மாட்டிக்கொண்டார். மறுநாள் லெக்லெர்க் ஜெயித்தார், வெட்டல் அஸ்காரி வளைவில் சுழன்றார்.

அன்று வெட்டலுக்கு ஏற்பட்ட கோபம் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நான் கார்ட் (சின்னத் திறந்த பந்தய வண்டி) ஓட்டுகிறவன். கார்ட் தகுதிச்சுற்றிலும் இதே நாடகம் உண்டு. பிட் வாசலில் எல்லாரும் ஹெல்மெட்டைச் சரிசெய்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள், யாரும் முதலில் போக மாட்டார்கள். நேர்பாதையில் முன்னவரின் பம்பருக்கு ஒரு கார்ட் நீளம் பின்னால், முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, தாடையை ஸ்டியரிங் வரை தாழ்த்தினால், ஒரு கட்டத்தில் ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கிற காற்றின் இரைச்சல் சட்டென்று குறையும். எஞ்சின் சத்தம் அரைச் சுருதி மேலே ஏறும். அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிட்டோம் என்று காது சொல்லிவிடும். ஆனால் அடுத்த ஹேர்பின் வளைவில் முன்னவர் என்னைவிட ரெண்டு அடி முன்னாலேயே பிரேக் பிடிப்பார். நேர்பாதையில் கிடைத்தது மொத்தமும் அங்கேயே போய்விடும். ஃபார்முலா 1 காரில் இது இன்னும் மோசம், கார்னரில் முன்காரின் கலங்கிய காற்று, காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸையே பறித்துவிடும். அதனால் நல்ல டோ என்பது நேர்பாதையில் இருந்து, கார்னரில் இல்லாமல் போகிற டோ. கூட இருக்கும் அணிக்காரர் அதை வேண்டுமென்றே திட்டமிட்டுக் கொடுத்தால்தான் சரியாக அமையும்.

15 டிசம்பர்

நேற்று சொல்லாமல் விட்டது: டோவை நம்பாமலும் மான்சாவில் போல் எடுக்கலாம். 2025இல் வெர்ஸ்டாப்பன் எடுத்த 1:18.792, சராசரி மணிக்கு 264.681 கி.மீ. ஹாமில்டனின் 2020 சாதனையை முறியடித்தது. மெல்லிய விங்கோடு ஓடிய கார், ஞாயிற்றுக்கிழமையும் அதே விங்தான். தகுதிச்சுற்று தொடங்கியதும் பார்க் ஃபெர்மே விதி (இனி காரின் அமைப்பை மாற்றக் கூடாது என்பது) காரைப் பூட்டிவிடுவதால், ஒரு லேப்புக்கு ஒரு செட்டப், பந்தயத்துக்கு ஒரு செட்டப் என்று வைத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பூட்டைப் பற்றி யோசிக்கும்போதுதான் பிரேசிலின் இன்டர்லாகோஸ் முக்கியமாகிறது. 2025இல் அங்கே வெர்ஸ்டாப்பன் க்யூ1இலேயே வெளியேறினார். அவருடைய வேகத்துக்கு அது பேரிடிதான். ஆனால் அணி பூட்டை உடைத்தது: செட்டப்பை மாற்றி, புது எஞ்சின் போட்டது. அதற்குத் தண்டனையாக அவர் எல்லாருக்கும் பின்னால் பிட் லேனிலிருந்து புறப்பட்டார். மூன்றாவதாக முடித்தார். க்யூ3க்குத் தட்டுத்தடுமாறித் தேறி எட்டாவதாக நின்றிருந்தால், அதே ஒத்துவராத காரோடு எழுபத்தொரு சுற்றும் மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், அதே டிராக்கில் 17ஆவது இடம். க்யூ2வில் ஓட்டத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி நேரத்தைத் தின்றது, எஞ்சின் மாற்றியதற்கு ஐந்து இடத் தண்டனை வேறு. மழையில் ஜெயித்தார்.

பின்னாலிருந்து ஜெயித்தவர்கள் பட்டியல் சின்னதுதான், இல்லையென்று சொல்லவில்லை. வாட்சன் 1983 லாங் பீச்சில் 22ஆவது இடத்திலிருந்து. இன்றுவரை யாரும் அதை மிஞ்சவில்லை. இரண்டாவதாக வந்த லவ்டா 23இல் புறப்பட்டவர், ஒரே அணி. பாரிச்செல்லோ 2000 ஹாக்கன்ஹைமில் 18. ரைக்கோனன் 2005 சுஸுகாவில் 17. மழையோ டயரோ கலைந்த தகுதிச்சுற்றோ இல்லாமல் இவை நடப்பதில்லை.

20 டிசம்பர்

"பின்னால் நிற்பவர்களின் சமாதானம்" என்று சொன்னது இன்னும் உறுத்துகிறது. சரி, முன்னால் நின்ற சின்ன அணிகளைப் பாருங்கள்.

2022 இன்டர்லாகோஸ், க்யூ3. மழை வரப்போகிறது. ஹாஸ் அணி மாக்னுஸனை பிட் லேன் வாசலில் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தியது. விளக்கு பச்சையானதும் முதல் கார் அவர், முதல் நேரம் அவருடையது. சற்று நேரத்தில் ரஸல் மண்ணில் சிக்கி சிவப்புக் கொடி, பிறகு மழை. ஹாஸ் அணிக்கு முதல் போல். கொஞ்சம் அதிர்ஷ்டம்தான், ஆனால் வரிசையில் முதலில் நிற்பது என்று ஒருவர் கணக்குப் போட்டு முடிவெடுத்தாரே, அதைத்தான் நான் கொண்டாடுகிறேன். காய்ந்துகொண்டே வரும் டிராக்கில் இது தலைகீழ்: கடைசியாகக் கோடு கடப்பவருக்குத்தான் லாபம். 2010இல் இதே ஊரில் வில்லியம்ஸில் ஹூல்கென்பெர்க் எடுத்த போல் அப்படி வந்தது.

இரண்டு போலும் வெற்றியாகவில்லை. மாக்னுஸன் மறுநாள் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தில் எட்டாவது, ஹூல்கென்பெர்க் பந்தயத்தில் எட்டாவது. நேர்மையான வேகம் பந்தயம் என்று வந்ததும் அவர்களை அவரவர் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

22 டிசம்பர்

இப்போது கசப்பான விஷயம். சிவப்புக் கொடியாலோ, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியாலோ போலைக் காப்பாற்றிக்கொள்வது.

மொனாக்கோ 2006: ஷூமாக்கர் ரஸ்காஸ் வளைவில் காரை நிறுத்தினார், பின்னால் அலோன்ஸோ வேகமான லேப்பில் வந்துகொண்டிருந்தார். நடுவர்கள் ஷூமாக்கரைக் கடைசிக்கு அனுப்பினார்கள். மொனாக்கோ 2014: ரோஸ்பெர்க் மிராபோ வளைவில் தப்பிப்புப் பாதைக்குள் போனார், மஞ்சள் கொடி, ஹாமில்டனின் லேப் போயிற்று. விசாரித்தார்கள், தண்டனை இல்லை, ரோஸ்பெர்க் ஜெயித்தார். மொனாக்கோ 2021: நீச்சல்குளப் பகுதியில் லெக்லெர்க் உள்பக்கத் தடுப்பை உரசி, எதிர்ப்பக்கச் சுவரில் மோதினார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் லேப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. போல் அவருக்கே.

அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்களில் சிவப்புக் கொடிக்குக் காரணமானவர் தன் வேகமான லேப்களை இழந்துவிடுவார். ஃபார்முலா 1க்கும் அது வேண்டும். வேண்டுமென்றே செய்தாரா இல்லையா என்று ஒருவர் மனதைத் தோண்டிப் பார்க்கும் வேலை நடுவர்களுக்கு எதற்கு?

23 டிசம்பர்

ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விதி வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும். 2025 பாகூ தகுதிச்சுற்றில் ஆறு சிவப்புக் கொடி. லெக்லெர்க் மோதினார், பியாஸ்ட்ரி மோதினார். லேப் பறிபோகும் என்று தெரிந்தால் முதல் ஓட்டத்தில் எல்லாரும் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே ஓட்டுவார்கள். மொனாக்கோவிலும் பாகூவிலும் அந்த ஓர் அடியைக் காணத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் ஒரு திருத்தம்: கடைசி ஓட்டத்தில், அதாவது மற்றவர்களுக்குத் திரும்ப வாய்ப்பே இல்லாத நேரத்தில் மட்டும், இந்தத் தண்டனை போதும். பாதியில் மோதியவர் தன் காரையே இழக்கிறார், அது போதாதா?

2021 மொனாக்கோவின் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் தாங்கும் என்று ஃபெராரி பரிசோதித்துச் சொன்னது. கிரிட்டுக்குப் போகும் சுற்றிலேயே இடதுபக்க டிரைவ்ஷாஃப்ட் பகுதி உடைந்தது. சொந்த ஊரில் போல் எடுத்தவர் புறப்படவே இல்லை, முதல் கட்டம் காலியாகக் கிடந்தது. இரண்டாவதில் நின்ற வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார்.

2 ஜனவரி 2026

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. மொனாக்கோ 2024: முதல் சுற்றிலேயே சிவப்புக் கொடி, எல்லாரும் டயர் மாற்றிக்கொண்டார்கள், பிறகு வேலையே இல்லை. முதல் பத்துப் பேர் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

2025இல் இரண்டு முறை டயர் மாற்றக் கட்டாயம் கொண்டுவந்தார்கள். என்ன ஆயிற்று? லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்த கூட்டத்தை அடைத்தார், அந்த இடைவெளியில் அவருடைய அணிக்காரர் ஹஜார் பிட் போய்விட்டு வந்தார். வில்லியம்ஸும் தன் இரண்டு காரை வைத்து அதையே செய்தது. சனிக்கிழமை ஒரே அணியின் இரண்டு காரும் அருகருகே தேறினால் மட்டுமே இந்த ஆட்டம் நடக்கும். அந்தத் தெருக்களில் நோரிஸின் 1:09.954 பாதி வெற்றிக்கும் மேல் என்று நானும் சொல்வேன்.

ஸ்பா 2021 இன்னொன்று. மழையில், முந்த விடாமல் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு பாதிப் புள்ளி கொடுத்தார்கள். தகுதிச்சுற்றில் ரஸல் வில்லியம்ஸை இரண்டாவதாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், அப்படியே மேடை ஏறினார். அன்று சனிக்கிழமைதான் முழுப் பந்தயமும். ரசிகர்களை அத்தனை நேரம் மழையில் நிற்க வைத்ததை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

5 ஜனவரி

இண்டியனாபொலிஸ் 2005ஐ ஒருவர் நினைவுபடுத்தினார். டொயோட்டாவில் ட்ருல்லி போல் எடுத்தார். மிஷலின் டயர் சாய்தளக் கார்னரைத் தாங்காது என்று, புறப்படும் முன் ஓட்டும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் அந்த டயர் போட்ட அணிகள் எல்லாம் பிட்டுக்குள் போய்விட்டன. ஆறு கார் ஓடியது, நரேன் கார்த்திகேயன் நான்காவது. போல் எடுத்தவர் ஒரு சுற்றுகூடப் பந்தயம் ஓட்டவில்லை.

18 ஜனவரி

2026இன் முதல் பந்தயமான மெல்பர்னில் எதைப் பார்ப்பது என்று கேட்டதற்கு.

11 அணி, 22 கார். க்யூ1இல் ஆறு பேர், க்யூ2இல் ஆறு பேர் வெளியே. டிராக்கில் நெரிசல் கூடும், க்யூ1இல் காலி இடம் கிடைப்பதே பெரும்பாடு. நடுவரிசை அணிகள் முதலில் வெளியே வருவதா, டிராக்கில் ரப்பர் ஏறும்வரை காத்திருப்பதா என்பதில் நிறைய தலை உருளும்.

பெரிய மாற்றம் மின்சாரத்தில். மின்மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறுகிறது, புகைச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியூ-எச் கிடையாது. பேட்டரியில் ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ள அனுமதி 4 மெகாஜூல்தான். முழு விசையில் விட்டால் பன்னிரண்டு விநாடிகூடத் தாங்காது. அதனால் லேப் முழுக்க எங்கே செலவழிப்பது, எந்த பிரேக்கிங்கில் திரும்பச் சேர்ப்பது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கும். வேகமான லேப்புக்கு முந்தைய அவுட் லேப்பில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, டயரையும் சரியான சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நிரப்ப நிதானம் வேண்டும், டயருக்கு வேகம் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்தான் முதல் சில பந்தயங்களில் போலுக்குப் போவார் என்பது என் கணிப்பு.

முன்காரை நெருங்கியவருக்கு மட்டும் பின் விங்கைத் திறக்கவிட்ட டிஆர்எஸ் போய்விட்டது, நேர்பாதையில் எல்லார் விங்கும் திறக்கும். முந்துவதற்கு, முன்காருக்கு ஒரு விநாடிக்குள் வந்தால் கூடுதல் மின்சாரம். சனிக்கிழமை ஒரு லேப்புக்கு அருமையாகச் செலவழிக்கும் கார், ஞாயிற்றுக்கிழமை சுற்றுக்குச் சுற்று சேர்த்துக்கொள்ளத் திணறினால், போலில் நின்றவரை பின்னால் வருபவர் நேர்பாதை முடிவில் தின்றுவிடுவார்.

மெல்பர்னில் க்யூ3 நடக்கும்போது செக்டர் (லேப்பின் மூன்று பகுதிகள்) நேரங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். முதல் இரண்டு செக்டரில் ஊதா (எல்லாரையும்விட வேகம் என்ற நிறம்) காட்டிவிட்டு மூன்றாவதில் யார் தொடர்ந்து தேய்கிறார்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் தேறியிருந்தாலும் சரி. நானும் குறித்துவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருபதாவது சுற்றில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.